படகுக்குள் பெட்ரோல் ஆவி, கார்பன் மோனாக்சைடு: ஒரே அலாரம் இரண்டுக்கும் ஆகுமா?

கேள்வி இதுதான். கொச்சிப் பக்கமிருந்து வாங்கி வந்த 22 அடி ஃபைபர் கேபின் படகு பவானியில் ஒரு பட்டறையில் நிற்கிறது. உள்ளே பொருத்திய பெட்ரோல் இன்ஜின், 60 லிட்டர் டேங்க், பின்பக்கம் சின்ன ஜெனரேட்டர், 5 கிலோ சிலிண்டரில் ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு பேர் படுக்கிற கேபின். காவிரியில் விட அனுமதிக்கு எழுதிப் போட்டாயிற்று. வீட்டுச் சமையலறைக்கு விற்கிற 600 ரூபாய் கேஸ் அலாரம் ஒன்றை இன்ஜின் அறைக்குள் மாட்டிவிட்டால், பெட்ரோல் ஆவிக்கும் இன்ஜின் புகைக்கும் சேர்த்துக் காவலாகுமா?

ஆகாதுங்க. அதை இன்ஜின் அறைக்குள் வைப்பதே தப்பு. அந்த அலாரம் எல்பிஜிக்குச் செய்தது. உள்ளே சூடாகிற ஒரு டின் ஆக்சைடு சென்சார் இருக்கும். பெட்ரோல் ஆவிக்கும் அது கத்தும், சென்ட் அடித்தாலும் கத்தும், சாராய வாடைக்கும் கத்தும். கார்பன் மோனாக்சைடுக்கு மட்டும் நம்பும்படி கத்தாது. போதாததற்கு அதற்குள் இருக்கிற ரிலேயும் பிளக்கும் பொறி தெறிக்காதபடி அடைத்தவை அல்ல. பெட்ரோல் ஆவியைக் கண்டுபிடிக்க வைத்த பொருளே அதைப் பற்றவைக்கலாம்.

இரண்டு வாயுவும் இரண்டு விதம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். தண்ணீர் மாதிரி கீழே இறங்கி, இன்ஜினுக்கு அடியில் உள்ள பள்ளத்தில், அதாவது பில்ஜில், படிந்து கிடக்கும். அது ஆளைக் கொல்வது வெடித்துத்தான். பெரும்பாலும் சாவியைத் திருப்புகிற அந்த நொடியில். கார்பன் மோனாக்சைடோ காற்றின் எடைக்குக் கிட்டத்தட்ட சமம் (மூலக்கூறு எடை 28, காற்று 29). மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது, கேபின் முழுக்கக் கலந்து நிற்கும். நிறமில்லை, வாசமில்லை. வெடிக்கிற அளவு சேருவதற்கு வெகுமுன்பே ஆளை முடித்துவிடும். ஆகவே கருவி இரண்டு, வைக்கும் இடம் இரண்டு, கத்தினால் செய்ய வேண்டியதும் வேறு வேறு.

முதலில் பெட்ரோல். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் பற்றும். அந்த 1.4-ஐத்தான் எல்இஎல் என்கிறார்கள், வெடிப்பின் கீழ் எல்லை. இது எவ்வளவு சின்ன அளவு என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். டீக்கடை கிளாஸில் 100 மில்லி பெட்ரோல் எடுத்தால் எடை சுமார் 74 கிராம். முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 20 லிட்டர் ஆவி. அது 1.4 சதவீதமாகப் பரவினால் 1,400 லிட்டர் காற்றை, அதாவது 1.4 கன மீட்டரை, வெடிக்கிற நிலைக்குக் கொண்டுவரும். உங்கள் இன்ஜின் அறை 5 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி ஆழம் என்று வைத்துக்கொண்டால் சரியாக அதே அளவு. ஒரு டீ கிளாஸ் பெட்ரோல் போதும். நிஜத்தில் அது சமமாகக் கலக்காமல் அடியில் படிந்து கிடப்பதால், அதைவிடக் குறைவாகக் கசிந்தாலே கீழ் அரை அடி ஆபத்தாகிவிடும்.

பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரிலும் பற்றுகிற ஆவியை விடும். டீசலுக்கு நம் நாட்டுத் தரத்தில் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது பற்றுகிற ஆவி கிளம்பும் வெப்பநிலை, குறைந்தது 35 டிகிரி இருந்தால் போதும். பூலாம்பட்டி-நெருஞ்சிப்பேட்டை துறையில் ஆளேற்றுகிற விசைப்படகு மாதிரி டீசல் இன்ஜினில் இந்த வெடிப்பு பயம் வெகுவாகக் குறைவு. ஆனால் சித்திரை வெயிலில் மூடிக் கிடக்கும் இன்ஜின் அறை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் என்பதால் டீசல்காரர்களும் ரொம்ப அலட்சியமாக இருக்க முடியாது.

பில்ஜுக்கென்று செய்த 12 வோல்ட் ஃப்யூம் டிடெக்டரை வாங்குங்கள். சென்சார் தனியாக, ஒயரில் தொங்கும். காட்டும் பெட்டி ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும். பெட்டியில் யுஎல் 1110 என்ற அமெரிக்கத் தரம் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். இவை பெரும்பாலும் எல்இஎல்லில் 20 சதவீதத்தில் கத்தும்படி அமைந்தவை. அதாவது காற்றில் 2,800 பிபிஎம், பத்து லட்சம் பங்கில் 2,800 பங்கு.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. மனிதன் மூக்கு பெட்ரோலை ஓரிரு பிபிஎம் அளவிலேயே பிடித்துவிடும். கருவியைவிட மூக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் கூர்மை! அப்புறம் கருவி எதற்கு? மூக்கு மேலே இருக்கிறது, ஆவி கீழே கிடக்கிறது. பத்து நிமிடம் அந்த வாசத்திலேயே நின்றால் மூக்கு பழகிப்போய்ச் சும்மா இருந்துவிடும். சளி பிடித்த நாளில் சொல்லவே வேண்டாம். அதனால் மூக்கும் வேண்டும், கருவியும் வேண்டும், மூக்கு முதலில். இன்ஜின் அறை மூடியைத் திறந்து, முட்டி போட்டு, தலையை உள்ளே இறக்கி மோந்து பார்க்க வேண்டும். மேலே நின்றுகொண்டு "வாசம் ஒண்ணும் வரலீங்களே" என்பது சோதனை ஆகாது. "பெட்ரோல் வண்டின்னா கொஞ்சம் வாசம் வரத்தானுங்க செய்யும்" என்று சொல்கிற மெக்கானிக்கை அந்தப் படகில் கை வைக்க விடாதீர்கள். ரோட்டு வண்டியில் கசிகிற பெட்ரோல் கீழே தரையில் விழுந்து காற்றோடு போய்விடும். படகுக்கு அடியில் ஓட்டை கிடையாது; கசிந்தது முழுக்க உள்ளேயேதான் தங்கும்.

சென்சாரை வைக்கும் இடம்: இன்ஜினுக்கும் டேங்குக்கும் இடையில், பில்ஜின் தாழ்ந்த பகுதியில், ஆனால் வழக்கமாகத் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்கு மேல். படகு ஆடும்போது தெறிக்கிற தண்ணீரும் எட்டக்கூடாது. ஒருமுறை முங்கின சென்சாரைத் துடைத்து மாட்டி ஏமாற வேண்டாம், மாற்றிவிடுங்கள். வெளிக்காற்று உள்ளே வருகிற குழாயின் வாய்க்கு நேரே வைத்தால் எப்போதும் சுத்தக் காற்றைத்தான் மோந்துகொண்டிருக்கும். டேங்க் தனி அறையில் இருந்தால் அங்கே இரண்டாவது சென்சார். ஒயரை நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டு நீட்டாதீர்கள். பில்ஜ் ஈரத்தில் அந்த ஒட்டுத்தான் முதலில் பச்சை பூக்கும். கரன்ட் இணைப்பு, ஸ்டார்ட் சாவிக்கு முந்தைய நிலையிலேயே டிடெக்டர் உயிர் பெறும்படி இருக்க வேண்டும். சென்சார் சூடாகித் தயாராக அரை நிமிடத்திலிருந்து இரண்டு மூன்று நிமிடம் ஆகும். விளக்கு எரிந்தவுடன் "க்ளியர்" என்று நினைத்துச் சாவியைத் திருப்புவதும் கருவியே இல்லாமல் திருப்புவதும் ஒன்றுதான்.

அடுத்தது ப்ளோயர், அதாவது இன்ஜின் அறையில் கிடக்கிற ஆவியை இழுத்து வெளியே தள்ளுகிற விசிறி. அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதிப்படி உள் பெட்ரோல் இன்ஜின் உள்ள படகில் ஒட்டச் சொல்கிற எச்சரிக்கை வாசகம் இன்றும் சரியான வழிகாட்டி: ஸ்டார்ட் செய்வதற்கு முன் 4 நிமிடம் ப்ளோயரை ஓட்டு, பில்ஜில் ஆவி இருக்கிறதா என்று பார். ப்ளோயர் இழுக்கிற குழாயின் வாய் அறையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். பழைய படகுகளில் அந்தக் குழாய் கிளிப் கழன்று மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். சத்தம் நன்றாக வரும், அடியில் கிடக்கிற ஆவி அசையாது. சோதிக்க எளிய வழி: குழாய் வாயில் ஒரு காகிதத் துண்டை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளுகிற வாயில் கை வைத்தால் காற்று தெரிய வேண்டும். ஊதுபத்திப் புகையை வைத்துக் காற்றோட்டம் பார்க்கிற பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம்.

நம் ஊரில் வைத்து வேலை பார்ப்பதால் வருகிற தனி ஆபத்து ஒன்று. கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் மோட்டார் ரீவைண்டிங், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் வேலைக்கு நல்ல கைகள் உண்டு. அந்தத் திறமைதான் இங்கே சிக்கல். படகின் ஸ்டார்ட்டர் போய்விட்டால் அதே அளவில் கார் ஸ்டார்ட்டர் ஒன்றை நேர்த்தியாகப் பொருத்திக் கொடுத்துவிடுவார்கள், ஓடவும் ஓடும். ஆனால் படகு ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ப்ளோயர் எல்லாம் உள்ளே பொறி வந்தாலும் வெளியே இருக்கிற ஆவியைப் பற்றவைக்காதபடி, காற்று போகிற துளைகளில் வலை வைத்தோ முழுக்க அடைத்தோ செய்தவை. அதற்கான தர எண்ணாக எஸ்ஏஇ ஜே1171 என்று அடித்திருப்பார்கள். கார் பாகத்துக்கு அது தேவையில்லை, அதனால் கிடையாது. பில்ஜ் பம்ப், அதன் ஃப்ளோட் சுவிட்ச், பேட்டரி ஐசோலேட்டர் எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். பட்டறையில் நிற்கும்போதே ஒவ்வொன்றிலும் அந்த முத்திரையைத் தேடுங்கள். இல்லாததை மாற்றுங்கள், அல்லது இன்ஜின் அறைக்கு வெளியே கொண்டுபோங்கள்.

பெட்ரோல் ஹோஸையும் இப்போதே மாற்றிவிடலாம். பெட்ரோல் பங்குகளில் இன்று வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதற்குச் செய்ததல்ல; உப்பி மிருதுவாகும், சுவர் வழியாகவே ஆவியைக் கசியவிடும். ஒரு சோதனை: உலர்ந்த துணியால் ஹோஸை நெடுக அழுத்தித் துடைத்துவிட்டு, துணியை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் அந்த ஹோஸ் முடிந்தது, விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும்கூட. டேங்க் கழுத்துக்குப் போகிற பெரிய ஹோஸில் இரண்டு பக்கமும் இரட்டைக் கிளிப். எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கூடினால் பிரிந்து அடியில் போய்த் தங்கும் என்பதால் வாட்டர் செப்பரேட்டர் ஃபில்டரும் போடுங்கள்.

பெட்ரோல் பிடிக்கும்போது இன்ஜின், ஜெனரேட்டர், அடுப்பு எல்லாம் நிறுத்தி, ஆட்களைக் கரையேற்றி, கேபின் ஜன்னல் கதவுகளை மூடி வைத்து ஊற்ற வேண்டும். மூடுவது ஆவி உள்ளே இறங்காமலிருக்க. ஊற்றி முடித்தபின் எல்லாவற்றையும் திறந்து, நான்கு நிமிடம் ப்ளோயர், பிறகு மூக்கு. கழட்டுகிற டேங்க் என்றால் கரையில் தரையில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும், படகில் வைத்து அல்ல. முழுக்க நிரப்பவும் கூடாது. பங்கின் நிலத்தடித் தொட்டியிலிருந்து 30 டிகிரியில் வருகிற பெட்ரோல், வெயிலில் நின்ற படகில் 45 டிகிரிக்கு ஏறினால் 60 லிட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் விரியும். அந்த ஒரு லிட்டர் வென்ட் வழியாக எங்கே போகும்? கரூர் பரமத்தி வெயில் அடிக்கிற ஊரில் 55 லிட்டரோடு நிறுத்துங்கள்.

கேஸ் அடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. எல்பிஜியும் காற்றைவிடக் கனம், ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. அதுவும் பில்ஜுக்குத்தான் இறங்கும். சிலிண்டர் கேபினுக்குள் இருக்கக்கூடாது. மேல்தளத்தில், உள்பக்கம் முழுக்க அடைத்து, அடியில் ஒரு குழாய் நேராகப் படகுக்கு வெளியே திறக்கிற பெட்டிக்குள் இருக்க வேண்டும். சமைத்து முடித்ததும் அடுப்புக் குமிழை மட்டுமல்ல, ரெகுலேட்டரையும் மூடுங்கள். அடுப்புக்குக் கீழே, தரைக்குச் சற்று மேலே ஒரு 12 வோல்ட் எல்பிஜி சென்சார் வைக்கலாம். மற்றபடி இதில் சொல்ல அதிகமில்லை.

இனி கார்பன் மோனாக்சைடு. இதைப் பற்றிக் கொங்கு நாட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, பெயர்தான் வேறு. கிணற்றுக்குள் ஆயில் இன்ஜினை இறக்கி ஓட்டித் தண்ணீர் இறைத்தவர்கள், கோழிப்பண்ணையில் குஞ்சுக்குக் கதகதப்பாகக் கரியடுப்பு வைத்துவிட்டுத் திரையை முழுக்க இறக்கியவர்கள், ஊட்டிக் குளிருக்கு அறைக்குள் கங்கு வைத்துப் படுத்தவர்கள் எல்லாம் மயங்கி விழுந்தது இதே வாயுவால்தான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினில் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கேபின் படகு என்பது தண்ணீர் மேல் மிதக்கிற கிணறுதான்.

அளவுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 200 பிபிஎம் என்றால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி. 400 என்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலி, மூன்று மணி நேரத்துக்குப்பின் உயிருக்கு ஆபத்து. 1,600-ல் ஒரு மணி நேரத்துக்குள் சாவு. 3,200-ல் அரை மணி நேரம். பெட்ரோல் இன்ஜினின் புகைக்குழாயில், சுத்திகரிப்பான் இல்லாவிட்டால், ஒன்று முதல் பல சதவீதம் வரை வரும். ஒரு சதவீதம் என்பது 10,000 பிபிஎம். டீசலில் அது சில நூறுகள்தான். ஆகவே அந்தச் சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர்தான் உங்கள் படகில் மிக ஆபத்தான பொருள், பெரிய இன்ஜின்கூட அல்ல. பெரிய இன்ஜின் ஓடும்போது படகு நகரும், நீங்கள் விழித்திருப்பீர்கள். ஜெனரேட்டர் படகு நிற்கும்போது, ராத்திரியில், ஏசிக்காக ஓடும்.

என் தீர்ப்பை நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஆள் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக்கூடாது, அலாரம் எத்தனை இருந்தாலும். பகலில் ஓட்டிப் பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டு ராத்திரி 12 வோல்ட் ஃபேனில் படுங்கள். காவிரிக்கரையில் ராத்திரி ஏசி இல்லாமல் தூங்க முடியாதா என்ன? கையில் தூக்குகிற ஜெனரேட்டரைப் படகின் மேல்தளத்தில் வைத்து ஓட்டுவது இன்னும் மோசம். "வெளியே திறந்தவெளியில்தானே இருக்குது" என்பது கணக்காகாது.

ஏனென்றால் புகை நேராகப் பின்னால் போய்விடுவதில்லை. படகு முன்னால் போகும்போது அதன் சதுரமான பின்பக்கத்துக்குப் பின்னே காற்றழுத்தம் குறையும். புகை அந்த இடத்தில் சுழன்று, பின்கதவு வழியாகக் கேபினுக்குள் திரும்பி வரும். மழைக்குப் பக்கத்துப் படுதாக்களை இறக்கிவிட்டு முன்ஜன்னலை மட்டும் ஒரு கையளவு திறந்தாலோ, பின்பக்கத்தை மட்டும் திறந்து வைத்தாலோ இந்த இழுப்பு கூடும். முன்னும் பின்னும் தாராளமாகத் திறந்து காற்று நேராக ஓடினால்தான் குறையும். கரையில் கட்டி நிற்கும்போது காற்றின் திசையைப் பாருங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற மேகாற்று நமக்குத் தெரிந்ததுதான். படகின் பின்பக்கம் மேற்கே பார்த்துக் கட்டிவிட்டு இன்ஜினை ஐடிலில் விட்டால், வெளியே வருகிற புகை முழுவதையும் காற்றே கேபினுக்குள் தள்ளிவிடும். பக்கத்தில் கட்டியிருக்கிற இன்னொரு படகின் புகையும் அப்படியே வரும். உங்கள் இன்ஜின் நின்றிருந்தாலும் உங்கள் அலாரம் கத்தும், அது பொய்யான அலாரம் அல்ல.

பின்பலகையும் (தண்ணீரில் இறங்கி ஏறப் படகின் பின்னால் நீட்டியிருக்கிற பலகை) அதற்குக் கீழே உள்ள இடமும் தனிக் கவனம் கேட்பவை. அமெரிக்காவில் லேக் பவல் நீர்த்தேக்கத்து வீட்டுப் படகுகளை 2000-ம் ஆண்டில் அங்கத்திய தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் ஆராய்ந்தபோது, ஜெனரேட்டர் புகை பின்பலகைக்குக் கீழே உள்ள குழிவில் தேங்கி, அங்கே நீந்தியவர்களைக் கொல்லும் அளவுக்கு இருந்தது தெரியவந்தது. திறந்த ஏரியில், திறந்த வானத்தின் கீழ். இன்ஜினோ ஜெனரேட்டரோ ஓடும்போது யாரும் பின்பலகையில் உட்காரக்கூடாது, கால் நனைக்கக்கூடாது, படகின் பின்பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு மிதக்கக்கூடாது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான் என்பதால் சொல்கிறேன்.

இந்தப் படகு உப்புத் தண்ணீரில் ஓடி வந்திருப்பதால் புகைக்குழாயைக் கழற்றியே பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட இன்ஜினில் புகையோடு தண்ணீர் கலந்து வெளியே போகும். அந்தக் கலப்பு நடக்கிற வார்ப்பிரும்பு ரைசர் உள்ளேயிருந்து துரு தின்று மெலிந்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கழற்றி, உள்வாயில் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். படலம் படலமாக உரிந்தால் மாற்ற வேண்டியதுதான். கேஸ்கெட் விளிம்பில் கறுப்புக் கோடு, ஹோஸ் முனையில் கரி படிந்த ஈரம், இரண்டும் புகை கசிகிறது என்று அர்த்தம். இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பில் ஒயரும் குழாயும் நுழைகிற ஒவ்வொரு ஓட்டையையும் அடையுங்கள். ராத்திரி இன்ஜின் அறைக்குள் ஒரு விளக்கை எரியவிட்டு, கேபினை இருட்டாக்கிப் பார்த்தால், வெளிச்சம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் புகையும் வரும்.

அலாரம் வாங்கும்போது எலெக்ட்ரோகெமிக்கல் சென்சார் உள்ளதா என்று பாருங்கள். வீட்டுக்குச் செய்தது ஆட்டத்துக்கும் ஈரத்துக்கும் தாங்காது. படகுக்கும் கேரவனுக்கும் ஆன ஐரோப்பியத் தரம் ஈஎன் 50291-ன் இரண்டாம் பகுதி. அமெரிக்கத் தரம் யுஎல் 2034. இந்த இரண்டும் அளவை மட்டும் பார்ப்பதில்லை, நேரத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன. யுஎல் கணக்கில் 70 பிபிஎம்முக்கு ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள், 150-க்கு 10 முதல் 50 நிமிடத்துக்குள், 400-க்கு 4 முதல் 15 நிமிடத்துக்குள் கத்த வேண்டும். எனவே அலாரம் சும்மா இருக்கிறது என்றால் புகையே இல்லை என்று ஆகாது. எண் காட்டுகிற திரை உள்ளதை வாங்கச் சொல்வது அதனால்தான். ஆர்டுயினோ என்கிற சின்ன மின்னணுப் பலகையோடு ஓட்டுகிற எம்க்யூ-7 சென்சாரைப் பிள்ளைகள் கல்லூரி புராஜெக்டுக்கு எடுக்கட்டும். அதற்கு 60 விநாடி 5 வோல்ட், 90 விநாடி 1.4 வோல்ட் என்று மாற்றி மாற்றிச் சூடேற்ற வேண்டும், அளவை அவ்வப்போது திருத்த வேண்டும். ஆள் தூங்குகிற இடத்துக்கு அது வேண்டாம்.

மாட்டுவது படுத்தால் தலை இருக்கிற உயரத்துக்கும் உட்கார்ந்தால் தலை இருக்கிற உயரத்துக்கும் நடுவில். காற்று தேங்குகிற மூலையில் அல்ல, ஜன்னலுக்கு நேரே அல்ல, அடுப்புக்கு மேலே அல்ல. இதன் கரன்ட் மெயின் சுவிட்சைத் தாண்டாமல், பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ் வழியாக நேரே வர வேண்டும். ராத்திரி மெயினை ஆஃப் செய்துவிட்டுப் படுக்கும்போதுதானே இது முழித்திருக்க வேண்டும்! பெரும்பாலான சென்சார்களுக்கு ஆயுள் 5 முதல் 10 வருடம்; தேதி பின்பக்கம் அச்சிட்டிருக்கும். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஹாரனும் சர்க்யூட்டும் வேலை செய்கிறதா என்றுதான் தெரியும், சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. அதற்குச் சோதனை வாயு ஸ்ப்ரே தனியாகக் கிடைக்கிறது. புகைக்குழாய் வாயில் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். பல ஆயிரம் பிபிஎம்மும் கரியும் சேர்ந்து சென்சாரையே கெடுக்கும்.

படகு தண்ணீரில் இறங்கியதும் ஒரு நாள் முழுக்க ஒதுக்கி, கையில் பிடிக்கிற மீட்டர் ஒன்றோடு சோதியுங்கள். கட்டிய நிலையில் ஐடில் அரை மணி நேரம், மெதுவான ஓட்டம், வேகமான ஓட்டம், ஜெனரேட்டர் மட்டும். ஒவ்வொன்றிலும் படுதா இறக்கி ஒருமுறை, தூக்கி ஒருமுறை. காற்று பின்னாலிருந்து வரும்படி திருப்பி ஒருமுறை. படுக்கை, ஸ்டியரிங், பின்பலகை மூன்று இடத்திலும் எண்ணை ஒரு நோட்டில் குறியுங்கள். ஒற்றை இலக்கத்தில் நின்றால் சரி. 35-ஐத் தாண்டினால் காரணம் கண்டுபிடிக்காமல் கேபினில் ஆள் படுக்கக்கூடாது. 200-ஐத் தொட்டால் சோதனையை நிறுத்தி வெளியே வந்துவிடுங்கள்.

கத்தினால் என்ன செய்வது? ஃப்யூம் டிடெக்டர் கத்தினால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், ப்ளோயர் உட்பட. ஓடுகிற இன்ஜினை மட்டும் நிறுத்துங்கள். நின்றதை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டிடெக்டரிலிருந்தே ப்ளோயர் தானாக ஓடும்படி ரிலே போட்டுத் தருகிறேன் என்பார்கள். அந்த ப்ளோயரும் ஒயரிங்கும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பொறி தெறிக்காதவை என்றால்கூட நான் அதற்கு ஆதரவில்லை. ஆட்களை முன்பக்கமாகக் கரையேற்றி, மூடிகளைத் திறந்துவைத்து, காற்றுக்கு நேரம் கொடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் என்றால் உடனே எல்லாரும் வெளிக்காற்றுக்கு, ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லாக் கதவும் திறந்து. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு தனியாக ஓடாதீர்கள். கிணற்றில் முதலாமவர் விழ, தூக்கப்போன இரண்டாமவரும் மூன்றாமவரும் விழுந்த கதைதான் நடக்கும். முதலில் முன்பக்க ஹேட்சையும் (மேல்தளத்து மூடி) பின்கதவையும் திறந்து, காற்று ஓடவிட்டுப் பிறகு இழுங்கள்.

108-க்கு அழைக்கும்போதே "இன்ஜின் புகை, கார்பன் மோனாக்சைடு" என்று சொல்லுங்கள். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் 98, 99 என்று காட்டும், நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஏறினதாகவே எண்ணிக்கொள்ளும். ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் காற்றில் அந்த அளவு பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் ஆகும், மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என்று வருவதால் "தண்ணி போட்டிருக்கான்", "படகு ஆட்டம் ஒத்துக்கலை" என்று முடிவு கட்டிப் படுக்கப்போட்டு விடுவார்கள். அந்தக் கேபினுக்குள்ளேயே.

பொய்யான அலாரமும் வரும். பேட்டரி அதிகமாகச் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் வெளிவரும், கார்பன் மோனாக்சைடு சென்சார் அதையும் பிடித்துக் கத்தும். பேட்டரிப் பெட்டிக்கு மேலே வென்ட் வைத்து, சார்ஜரின் வோல்டேஜைச் சரிபார்த்தால் நின்றுவிடும். "சும்மா கத்துது" என்று ஒயரைப் பிடுங்குவதற்கு முன்பு கையிலிருக்கிற மீட்டரை உள்ளே கொண்டுபோய்ப் பாருங்கள். அதிலும் எண் ஏறினால் இரண்டும் ஒரே ஹைட்ரஜனைப் பார்க்கின்றனவா என்று, சார்ஜரை அணைத்து, கேபினைக் காற்றாட விட்டுச் சோதியுங்கள்.

இப்போதைக்குப் பட்டறையில் ஃபைபர் வேலை நடக்கிறது அல்லவா, அதனால் எந்த சென்சாரையும் இன்னும் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். ரெசினிலிருந்து வருகிற ஸ்டைரீன், பெயின்ட் தின்னர், சிலிகான் சீலன்ட் எல்லாம் சென்சாரை மந்தமாக்கும். சிலிகான் ஆவி பட்ட கேட்டலிட்டிக் சென்சார் (ஆவியைச் சூட்டில் எரித்து அளக்கிற வகை) வெளியே நல்லபடியாகத் தெரிந்துகொண்டே செத்துக் கிடக்கும். ஒயரை மட்டும் இழுத்து முனையை டேப் சுற்றி விடுங்கள். சென்சாருக்குப் பக்கத்தில் ஓட்டை அடைக்க சிலிகானுக்குப் பதில் பாலியூரித்தேன் சீலன்ட் எடுங்கள். கடைசிக் கோட் பெயின்ட் அடித்து, படகைத் திறந்துபோட்டு ஒரு வாரம் காய்ந்தபின் மாட்டுங்கள். அதுவரை செய்ய ஸ்டார்ட்டரும் ரைசரும் ஹோஸும் இருக்கின்றன.